பெரியவர்களின் வயிற்றுப்போக்கும் குடல் ஒட்டுண்ணிகளும்: பரிசோதனை அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

வயிற்றுப்போக்கென்று மருந்துக்கடைக்குப் போகும் பெரியவர் ஒருவருக்குத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் எளிதாகக் கிடைப்பது, பாக்டீரியாவைக் கொல்லும் ஓஃப்லாக்சசினும் அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை, இல்லையென்றால் ஆர்னிடசோலின் இனத்தைச் சேர்ந்த மெட்ரோனிடசோல். காரணம் எதுவென்று தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பின்னுள்ள கணக்கு. வாயில் உலோகக் கசப்போடு இரண்டு மூன்று நாள் கழியும். பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் நின்றுவிடும். மாத்திரை வேலை செய்தது என்ற நம்பிக்கை உறுதிப்படும். உண்மையில் அந்தப் பெரும்பான்மையோருக்கு ஒட்டுண்ணியே இருந்திருக்காது. தானாக அடங்கும் வைரஸ் தொற்று, அடங்கவேண்டிய நாளில் அடங்கியிருக்கும். அதே வேளையில், ஒட்டுண்ணியால் உண்மையாகவே அவதிப்படும் சிறுபான்மையோரில் பலர் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாத இனங்களாலோ, உரிய பரிசோதனை எழுதப்படாததாலோ வாரக்கணக்கில் அலைகிறார்கள். குடல் ஒட்டுண்ணி நம்மிடையே தேவைக்கு மேல் மருந்து கொடுக்கப்படும் நோயாகவும், தேவைக்குக் குறைவாகக் கண்டறியப்படும் நோயாகவும் ஒருசேர இருக்கிறது. இந்த இரண்டு கோளாறுகளுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து: மலத்தில் ஓர் உயிரி காணப்படுவதும், அந்த உயிரிதான் நோய்க்குக் காரணம் என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் காலக்கணக்கைப் பார்க்கவேண்டும். நோயாளியும் மருத்துவரும் செலவில்லாமல் அறியக்கூடிய மிகச் சிறந்த தடயம் அதுவே. பெரியவர்களுக்குத் திடீரென வரும் இரைப்பைக் குடலழற்சியில், அதாவது வாந்தியும் பேதியும் வயிற்றுவலியும் சேர்ந்து தாக்கும் நோயில், நோரோவைரஸ் போன்ற வைரஸ்களுக்கே பெரும்பங்கு. அவை உடலுக்குள் போன ஒன்றிரண்டு நாளில் நோயைக் காட்டி, மேலும் ஒன்று முதல் மூன்று நாளில் விலகிவிடும். கெட்டுப்போன உணவிலுள்ள பாக்டீரிய நச்சு இன்னும் விரைவாக, சில மணி நேரத்தில் தாக்கும். ஒட்டுண்ணிகளின் நடை வேறு. ஜியார்டியாவும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஓரணு ஒட்டுண்ணியும் உள்ளே போனபின் நோய் தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; அமீபாவுக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். வந்தபின்பும் அவை எளிதில் விலகுவதில்லை. இதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் 14 நாளுக்குட்பட்ட வயிற்றுப்போக்கைத் திடீர் வகை என்றும், 14 நாளைத் தாண்டியதை நீடிக்கும் வகை என்றும், 30 நாளைக் கடந்ததை நாட்பட்ட வகை என்றும் பிரித்து, 14ஆம் நாளைத் தாண்டும்போதுதான் ஒட்டுண்ணியை முனைந்து தேடச் சொல்கின்றன. நேற்றிரவு விருந்துச் சாப்பாடு, இன்று காலை வாந்தி பேதி என்று வருபவரிடம் அமீபாவைத் தேடுவது வீண் வேலை. மூன்று வாரமாக வயிறு உப்பி, எடை குறைந்துவரும் ஒருவருக்கு அந்தத் தேடலைத் தவிர்ப்பது பெரும் பிழை.

ஜியார்டியா

மனிதக் கண் பார்த்த முதல் குடல் ஓரணு உயிரி ஜியார்டியாவாகவே இருக்கவேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான ஆன்டனி வான் லீவன்ஹுக், தாமே அரைத்துச் செய்த வில்லையின் வழியே 1681இல் தம்முடைய பேதி மலத்தைப் பார்த்து, அதில் நகர்ந்த சிறு உயிர்களை விவரித்து எழுதினார். அது நோய் உண்டாக்கும் உயிரி என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன என்பது இந்தத் துறையின் மந்தமான வேகத்துக்கு நல்ல சான்று.

இந்த உயிரிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. சிஸ்ட் எனப்படும் ஓடு மூடிய வடிவத்தில் அது குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விழுங்கப்பட்டதும் இரைப்பை அமிலம் பட்டு ஓடு திறந்து, அடிப்பக்கம் உறிஞ்சுத் தட்டும் எட்டுச் சாட்டையிழைகளும் கொண்ட நீந்தும் வடிவம் வெளிவந்து, சிறுகுடலின் மேற்பகுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் 1950களில் நடந்த, இன்றைக்கு எந்த அறக்குழுவும் அனுமதிக்காத சோதனைகளில் பத்து சிஸ்ட்டுகளே தொற்றை உண்டாக்கப் போதுமானவை என்று தெரியவந்தது. ஜியார்டியா குடற்சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. ஆகவே மலத்தில் இரத்தம் வராது, காய்ச்சலும் பெரும்பாலும் இராது. குடலின் உறிஞ்சும் பரப்பு பழுதாவதால் கொழுப்பும் பால் சர்க்கரையும் செரிக்காமல் போகின்றன. நாற்றமும் எண்ணெய்ப் பிசுக்கும் கொண்டு மிதக்கும் மலம், அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், வயிற்று உப்புசம், எடைக்குறைவு ஆகிய இதன் அடையாளங்கள் அங்கிருந்தே பிறக்கின்றன. சிகிச்சை முடிந்தபின்னும் சில வாரங்களுக்குப் பால் குடித்தால் வயிறு புரள்வதுண்டு. அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் மெட்ரோனிடசோல் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒட்டுண்ணி ஒரு நகரத்துப் பெரியவர்களை மொத்தமாகத் தாக்கினால் என்ன ஆகும் என்பதை மிகத் தெளிவாகப் பதிவுசெய்த ஊர், நார்வேயின் இரண்டாவது பெரிய நகரமான பெர்கன். 2004 இலையுதிர் காலத்தில் அந்நகரின் மையப்பகுதிக்குக் குடிநீர் தரும் ஸ்வார்த்தடிக்கெ ஏரியில், அருகிலிருந்த குடியிருப்புகளின் கழிவுநீர்க் குழாய்க் கசிவு கலந்தது. நீருக்குக் குளோரின் இடப்பட்டிருந்தது. ஆனால் ஜியார்டியா சிஸ்ட்டுகளைத் தடுக்கும் வடிகட்டல் இல்லை. ஆய்வகத்தில் உறுதியான நோயாளிகள் மட்டும் 1,200க்கு மேல். இருபதுகளில் இருந்த இளைஞர்களே அவர்களில் மிகுதி. மருத்துவர்களுக்கு ஜியார்டியா தெரியாமல் இல்லை. ஆனால் நார்வேயில் அது வெளிநாடு போய்வந்தவர்களின் நோய் என்ற எண்ணம் ஊறியிருந்ததால், ஊரைவிட்டு நகராத நோயாளிகளுக்குப் பாக்டீரியாப் பரிசோதனை மட்டுமே எழுதப்பட்டது. முடிவுகள் எதுவும் இல்லையென்று திரும்பிவந்தன. கொள்ளைநோய் என்று அக்டோபர் இறுதியில் உணரப்பட்டபோது பரவலின் உச்சம் கடந்துவிட்டிருந்தது. வறிய நாடுகளின் நோய் என்று நாம் பழகிவிட்ட ஒன்று, உலகின் செல்வம் மிக்க நாடுகளில் ஒன்றில் குழாய்த் தண்ணீர் வழியே வந்தது என்பது வியப்பான செய்திதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கேட்கப்படாத பரிசோதனை விடை சொல்லாது என்ற எளிய உண்மை.

பெர்கன் மருத்துவர்கள் அதோடு நிற்காமல் அந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், ஒட்டுண்ணி முற்றிலும் அகன்றுவிட்ட நிலையிலும், அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு எரிச்சல் குடல் நோயின், அதாவது குடலில் புண் எதுவும் இல்லாமலே வலியும் பேதியும் மலச்சிக்கலுமாகத் தொல்லை தரும் நோயின் அறிகுறிகள் இருந்தன. தொற்று வராத அதே ஊர் மக்களிடம் அது 14 விழுக்காடு. நீடித்த சோர்வும் ஏறத்தாழ அதே அளவில் கூடியிருந்தது. பத்தாண்டு கழித்தும் இந்த இடைவெளி மறையவில்லை. தானாக அடங்கிவிடும் சாதாரணப் பேதி என்று ஜியார்டியாவை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது இதே உயிரியைத் தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார்ப்போம். கொல்கத்தாவையும் உள்ளடக்கிய ஏழு இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஒப்பாய்வு ஒன்றின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. கடும் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளையும், அதே பகுதியில் நலமாக இருந்த குழந்தைகளையும் அந்த ஆய்வு இணையாகப் பரிசோதித்தது. ஜியார்டியா நோயுற்ற குழந்தைகளைவிட நலமான குழந்தைகளிடமே பெரும்பாலான இடங்களில் அதிகமாக இருந்தது. கிரிப்டோஸ்போரிடியமோ நேர்மாறாக, கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக வெளிப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நகரின் குடிசைப் பகுதிகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தபோது, மூன்று வயதை எட்டுவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது கிரிப்டோஸ்போரிடியம் தொற்றியிருந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை அறிகுறியே இல்லாமல் கடந்துபோனதையும் கண்டார்கள்.

குழந்தைகளின் கணக்கு பெரியவர்களைப் பற்றிய கட்டுரையில் ஏன் என்று கேட்கலாம். இங்கே வளர்ந்து ஆளான ஒருவர், தம் குழந்தைப் பருவத்திலேயே இந்த உயிரிகளோடு பலமுறை பழகியவர் என்பதே காரணம். அவருடைய குடலில் ஜியார்டியா எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கலாம். அவருக்கு நோரோவைரஸ் வந்து பேதியாகும் நாளில் மலத்தைப் பார்த்தால் ஜியார்டியா சிஸ்ட் தெரியும்; அறிக்கையில் அது எழுதப்படும்; நோய்க்கு அதுவே காரணமென்று முடிவாகும். பெர்கன் நகரத்து இளைஞரிடம் காணப்படும் அதே சிஸ்ட், முன்பழக்கம் இல்லாத குடலில் புதிதாக நுழைந்த ஒன்று. அங்கே அது பெரும்பாலும் உண்மையான காரணம். ஒரே அறிக்கை, இரண்டு ஊர்களில் இரண்டு பொருள். நோயாளி எந்த ஊர்க்காரர், எங்கே வளர்ந்தார், நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்ற கேள்விகளைத் தள்ளிவிட்டு அறிக்கையை மட்டும் படிப்பவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார்.

அமீபா என்ற பெயரில் வந்த குழப்பம்

நம் ஊரில் நீண்டநாள் வயிற்றுக் கோளாறு எதற்கும் 'அமீபியாசிஸ்' என்று பெயர் வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 'எனக்குப் பத்து வருஷமா அமீபியாசிஸ்' என்று சொல்லும் பெரியவர்கள் பலர். அவர்களில் மிகப் பலருக்கு இருப்பது எரிச்சல் குடல் நோயே தவிர அமீபா அல்ல. இந்தக் குழப்பத்துக்கு நோயாளிகளைக் குறைசொல்ல முடியாது; மருத்துவ அறிவியலே இதில் எழுபது ஆண்டுகள் தடுமாறியது.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1875இல் ஃபியோதர் லோஷ் என்ற மருத்துவர் இரத்தபேதி நோயாளி ஒருவரின் மலத்தில் அமீபாவைக் கண்டார். திசுக்களைக் கரைப்பது என்ற பொருளில் ஹிஸ்டோலிட்டிகா என்ற பெயரை 1903இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஷௌடின் சூட்டினார். சிஸ்ட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயே இல்லாமல் இருப்பதைக் கவனித்த பிரெஞ்சு அறிஞர் எமில் புரும்ப்ட், இது ஓர் இனமல்ல, இரண்டு; ஒன்று நோய் தருவது, மற்றது தீங்கற்றது என்று 1925இலேயே சொல்லி, தீங்கற்றதற்கு டிஸ்பார் என்று பெயரிட்டார். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் அவருடைய கருத்தைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. பின்னர் நொதிகளும் மரபணுக்களும் அவர் சொன்னது சரியென்று காட்ட, 1993இல் இரண்டும் தனித்தனி இனங்களாக முறைப்படி விவரிக்கப்பட்டன. 1997இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு அதை ஏற்றுக்கொண்டது. உலகில் 50 கோடிப் பேருக்கு அமீபா தொற்று என்று அதுவரை சொல்லப்பட்ட எண்ணிக்கையில் பெரும்பகுதி தீங்கற்ற டிஸ்பார் இனத்தைச் சேர்ந்தது என்று அப்போது புலப்பட்டது. மாஷ்கோவ்ஸ்கி என்ற மூன்றாவது ஒத்த உருவ இனமும் இப்போது பட்டியலில் உண்டு. ஆகவே 'எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா சிஸ்ட் காணப்பட்டது' என்று நுண்ணோக்கியை மட்டும் நம்பி எழுதப்படும் அறிக்கை, கண்ணால் அறியமுடியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்கிறது. 'ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்' என்று எழுதுவதே நேர்மை. இன்றும் எல்லா ஆய்வகங்களும் அப்படி எழுதுவதில்லை.

நுண்ணோக்கி உறுதியாகச் சொல்லக்கூடிய காட்சி ஒன்று உண்டு: நகரும் அமீபாவின் வயிற்றுக்குள் விழுங்கப்பட்ட சிவப்பணுக்கள். உண்மையான ஹிஸ்டோலிட்டிகா பெருங்குடல் செல்களை உயிரோடிருக்கும்போதே கடித்துக் கடித்துத் தின்று, மேலே வாய் குறுகி உள்ளே அகன்ற குடுவை வடிவப் புண்களை உண்டாக்குகிறது. நோய் மெல்லமெல்லச் சில நாள்களில் முற்றும். பெரும்பாலும் காய்ச்சல் இல்லாமலே சளியும் இரத்தமும் போகும். காலையில் நலமாக இருந்தவர் மாலையில் கடுங்காய்ச்சலோடு இரத்தபேதியாகிப் படுத்தால் அது பெரும்பாலும் ஷிகெல்லா போன்ற பாக்டீரியா. ஷிகெல்லா நோயாளியின் மலத்தில் திரளும் பெரிய வெள்ளையணுக்களை அனுபவம் குறைந்த கண் அமீபா என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. சீதபேதிக்கு அமீபா மருந்தை முதலிலேயே கொடுக்கவேண்டாம், சிவப்பணு விழுங்கிய அமீபா தெரிந்தாலோ, ஷிகெல்லாவுக்கான இரண்டு மருந்துகள் பலிக்காமல் போனாலோ மட்டும் கொடுங்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னதன் காரணம் இதுவே.

மறுபக்க ஆபத்தும் சிறியதல்ல. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய விடுதிகளில் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் கலந்துபோக, சுமார் 1,400 பேருக்கு அமீபா நோய் வந்தது. நூறு பேரளவில் இறந்தார்கள். அவர்கள் நாடெங்கும் தத்தம் ஊருக்குத் திரும்பியபின் நோய் வெளிப்பட்டதால், குடல்வால் அழற்சி என்று கருதி வயிற்றைத் திறந்த மருத்துவர்கள் பலர். இன்றைக்கு அப்படி அமீபாவோடு குழப்பிக்கொள்ளப்படுவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடற்புண் நோய். தமிழ்நாட்டு நகரங்களில் இதன் பேச்சு வளர்ந்துவருகிறது. அதற்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு தரப்படும். அமீபாப் புண்ணை அந்த நோயென்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகி உயிருக்கே முடியலாம். நாட்பட்ட இரத்தபேதியில் ஸ்டீராய்டைத் தொடங்குமுன் அமீபாவை உரிய பரிசோதனையால் விலக்கிவிடவேண்டும் என்ற விதி நம் நாட்டில் தளர்த்தக்கூடாத ஒன்று.

குடலைத் தாண்டி ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்குவது அமீபாவின் இன்னொரு முகம். வயதுவந்த ஆண்களையே அது பெரிதும் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வில் இந்த நோயோடு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கள் அருந்தும் ஆண்களாக இருந்தார்கள். கட்டியின் சீழில் ஹிஸ்டோலிட்டிகாவின் மரபணுவும் உறுதியானது. கள்ளோடு சேரும் அசுத்தமா, மது ஈரலில் உண்டாக்கும் மாற்றமா என்ற விவாதம் தீரவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது பேதி இராது, மலத்திலும் அமீபா தெரியாது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மருந்திலும் ஒரு நுணுக்கம் தவறவிடப்படுகிறது. அதுவரை அமீபாவுக்குத் தரப்பட்ட எமெட்டின் ஊசியின் நச்சுத்தன்மையோடு மருத்துவர்கள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மெட்ரோனிடசோலின் வெற்றி அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த மருந்து சிறுகுடலிலேயே பெரும்பாலும் இரத்தத்தில் ஏறிவிடுவதால், திசுவுக்குள் இருக்கும் அமீபாவைக் கொல்லுமே தவிர, பெருங்குடலின் உட்புறத்தில் கிடக்கும் சிஸ்ட்டுகளை முழுமையாக அகற்றாது. அதற்கு டைலாக்சனைடு ஃபுரோயேட் அல்லது பாரோமோமைசின் தொடர்ந்து தரப்படவேண்டும். இந்த இரண்டாம் பாதியை எழுதாத மருந்துச்சீட்டுகள் ஏராளம். சில மாதங்களில் நோய் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெட்ரோனிடசோலுக்குக் கட்டுப்படாதவை

1993 ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்காவின் மில்வாக்கி நகர மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்கு மாத்திரைகள் தீர்ந்துபோயின. பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆளில்லாமல் திணறின. மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் தென்புற நிலையத்திலிருந்து வந்த தண்ணீர் சில நாள்களாகக் கலங்கலாக இருந்திருக்கிறது. வழக்கமான மலப் பரிசோதனைகள் ஒன்றும் காட்டவில்லை. தனியாகக் கேட்டுச் செய்த சிறப்புச் சாயத்தில் கிரிப்டோஸ்போரிடியம் தெரிந்தபின், ஏப்ரல் 7ஆம் நாள் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தது. நோயுற்றவர்கள் சுமார் 4,03,000 பேர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். நலமான பெரியவர்களுக்கு ஓரிரு வாரத்தில் நோய் அடங்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

இந்த உயிரியின் ஓடு மூடிய வடிவம் வெறும் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவு. குடிநீரில் சாதாரணமாக இருக்கும் அளவுக் குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். நீச்சல் குளங்களில் அது பரவுவது இதனால்தான். மெட்ரோனிடசோலோ ஆர்னிடசோலோ இதை ஒன்றும் செய்யாது. நைட்டசாக்சனைடு ஓரளவு உதவும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் அதுவும் பெரிதாக உதவுவதில்லை. எச்.ஐ.வி. நோயாளிக்கு எதிர்ப்பாற்றலை மீட்டுத் தரும் கூட்டு மருந்துகளே இதற்கும் உண்மையான சிகிச்சை. சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. குடல் பழுதாகும்போது, மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு எதிர்பாராமல் ஏறி, புதிய சிறுநீரகத்தையே கெடுக்கலாம்.

சைக்ளோஸ்போரா, சிஸ்டோஐசோஸ்போரா என்ற இரு உறவினர்களும் இவ்வகையே. 1996இல் குவாட்டமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரிப் பழங்கள் வழியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,400க்கு மேற்பட்டோரைச் சைக்ளோஸ்போரா தாக்கியது. மலத்தோடு வெளிவந்த உயிரி தொற்றும் நிலையை அடைய ஒன்றிரண்டு வாரம் வெளிச்சூழலில் கிடக்கவேண்டும் என்பதால் அது நேரடியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. சிஸ்டோஐசோஸ்போரா தென்னிந்திய எச்.ஐ.வி. நோயாளிகளின் நீடித்த வயிற்றுப்போக்கில் அடிக்கடி காணப்பட்டது. இரண்டுக்கும் பழைய, மலிவான கோ-டிரைமாக்சசோல் மாத்திரை கேட்கும். கூட்டு மாத்திரையை மூன்றாம் முறையாக வாங்கிச் சாப்பிடும் நோயாளிக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வதே இல்லை.

புழுக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் பெரியவர்களிடம் இரத்தச்சோகையையும் மந்தத்தையும் தரும். திடீர் வாந்தி பேதிக்கு அவை அரிதாகவே காரணம். தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரப்படும் அல்பெண்டசோல் சிறுவர்களுக்கே. ஊர் முழுவதற்கும், பெரியவர்கள் உட்பட, ஆண்டுக்கு இருமுறை அதைக் கொடுத்தால் பரவலே நின்றுவிடுமா என்று பார்க்கும் பன்னாட்டுச் சோதனை ஒன்று ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் நடந்தது. இந்தக் கூட்டத்தில் தனித்து நிற்பது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூற்புழு. மற்றப் புழுக்களைப்போல் அல்லாமல் இது உடலுக்குள்ளேயே தன் சுழற்சியை முடித்துக்கொண்டு பெருகும். இரண்டாம் உலகப்போரில் பர்மா ரயில் பாதை போட்ட போர்க்கைதிகளிடம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இது உயிரோடு இருந்தது. ஸ்டீராய்டு தொடங்கியதும் கட்டுமீறிப் பெருகி உயிரைப் பறிக்கும் என்பதால், இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருக்கும் ஒருவருக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு எழுதுமுன் இதைத் தேடுவது அவசியம். இதற்கு உரிய மருந்து ஐவர்மெக்டின். அல்பெண்டசோல் ஒரு வேளை மாத்திரை போதாது.

தேடும் முறை

'ஓவா, சிஸ்ட்: காணப்படவில்லை' என்ற, அதாவது முட்டையோ சிஸ்ட்டோ இல்லை என்ற ஒற்றை வரி அறிக்கைக்கு எவ்வளவு மதிப்பு? ஒருமுறை பார்த்ததென்றால் மிகக் குறைவு. ஜியார்டியா சிஸ்ட்டுகள் நாள்தோறும் ஒரே சீராக வெளிவருவதில்லை. வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகளைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். தண்ணீராகப் போகும் மலத்தில் நகரும் வடிவங்கள் அரைமணி நேரத்துக்குள் பார்க்கப்படாவிட்டால் சிதைந்துவிடும். வீட்டில் காலை ஆறு மணிக்குப் பிடித்து, பேருந்தில் கொண்டுவந்து, பத்து மணிக்கு ஆய்வகத்தில் கொடுத்த டப்பாவில் உயிரோடு நகரும் அமீபாவைத் தேடுவது பயனற்றது. அதற்குமுன் இரண்டு நாள் கூட்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் முடிவு இன்னும் நம்பத்தகாதது. நம் நோயாளிகளில் பலர் ஆய்வகத்துக்கு வருவதே அந்த மாத்திரை பலிக்காத பின்தான்.

கிரிப்டோஸ்போரிடியமும் அதன் உறவினரும் சாதாரண உப்புநீர், அயோடின் பூச்சில் கண்ணில் படாமல் நழுவிவிடும். காசநோய்க்குச் சளி பார்க்கும் அமிலநிலைச் சாய முறையைச் சற்று மாற்றினால் அவை சிவப்பாகத் தெரியும். அந்தச் சாயமும் அதைக் கையாளும் கையும் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. குறைவது மருத்துவர் படிவத்தில் அதைப் பெயர்சொல்லிக் கேட்பதுதான். ஹிஸ்டோலிட்டிகாவை டிஸ்பாரிலிருந்து பிரிக்கும், உயிரியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனையும், ஒரே மாதிரியில் பல கிருமிகளின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். தொகுதியும் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் 2014இல் ஒப்புதல் பெற்ற அத்தகைய தொகுதி ஒன்று 22 கிருமிகளைத் தேடும். அவற்றில் ஒட்டுண்ணிகள் நான்கு. விலை இங்கே பல ஆயிரம் ரூபாய் என்பது ஒருபக்கம் இருக்க, மிகச் சிறிய தடத்தையும் கண்டுபிடிக்கும் அந்தக் கருவி, தொல்லை தராமல் குடியிருக்கும் உயிரியையும் சேர்த்தே காட்டும். பணம் கட்டி வாங்கிய அறிக்கையில் மூன்று கிருமிகளின் பெயர் இருந்தால் எதற்கு மருந்து கொடுப்பது என்ற கேள்வி முன்னைவிடக் கடினமாகிறது. மிகப் பரவலாகக் காணப்படும் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற ஓரணு உயிரி நோய் தருகிறதா என்பதிலேயே அறிஞர்களிடம் இன்னும் ஒற்றுமை இல்லை.

எல்லாப் பரிசோதனையும் ஒன்றும் காட்டாமல் நோய் நீடிக்கும்போது ஒட்டுண்ணியை விட்டு வேறிடம் பார்க்கவும் வேண்டும். 1960களில் தென்னிந்தியக் கிராமங்களில் கொள்ளைநோய்போல் பரவி, வேலூர் மருத்துவர்கள் ஆராய்ந்த, குடல் சத்தை உறிஞ்சாமல் போகும் வெப்பமண்டல ஸ்ப்ரூ, குடல் காசநோய், கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு எல்லாம் இதே வேடத்தில் வரக்கூடியவை.

காரணம் எதுவானாலும் முதல் சிகிச்சை நீரிழப்பை ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். கரைசலே, முதல் சில நாள்களில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. இரத்தம் போனாலோ, கடுங்காய்ச்சலோ நீரிழப்போ இருந்தாலோ, எதிர்ப்பாற்றல் குன்றியவரானாலோ 14 நாள் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். ஒட்டுண்ணி உறுதியானவர் வீட்டில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவம் இந்த ஓடுகளைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவி நீக்கும். குடிநீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் அழியும். புற ஊதாக் கதிர்க் கருவியும் ஜியார்டியாவையும் கிரிப்டோஸ்போரிடியத்தையும் செயலிழக்கச் செய்யும். குளோரின் மாத்திரையை மட்டும் நம்பக்கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் வந்தவர் பேதி நின்றபின்னும் இரண்டு வாரம் பொதுக் குளத்தில் இறங்கக்கூடாது. அதுவரை அவர் உடலிலிருந்து ஓடுகள் வெளியேறிக்கொண்டிருக்கலாம். உணவகத்தில் சமைப்பவர், பரிமாறுபவர் என்றால் வேலைக்குத் திரும்பும் நாளை மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்யவேண்டும்.